ஏழு அடிமானத்தில் ஏழு வராது

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கோங்க சார், எனக்குக் காத்து ஒத்துக்காது. திண்டுக்கல்தானே? நல்லது, நானும் அங்கதான். இல்லைல்ல, இந்தப் பையை மேல வெக்க வேணாம். உள்ள சிலேட்டு இருக்கு, விழுந்தா ஒடஞ்சிரும். மடியிலேயே இருக்கட்டும்.

சிலேட்டுன்னதும் சிரிக்கிறீங்க. பேரப்புள்ளைக்குன்னு நெனச்சிட்டீங்க. எனக்குப் பேரன் பேத்தி எல்லாம் கிடையாது சார், புள்ளைகுட்டியே கிடையாது. இது என் சிநேகிதனுக்கு. என் வயசுதான் அவனுக்கும், எழுவதைத் தாண்டியாச்சு. அருளானந்தம்னு பேரு. கணக்குல எம்.எஸ்ஸி., கோல்டு மெடல். ரெண்டு மார்க் வித்தியாசத்துல வாங்கினான் அந்த மெடலை. ரெண்டாவது யாருன்னு நீங்க கேக்க மாட்டீங்க, யாரும் கேட்டதில்ல. நான்தான். நடேசன். திருச்சியில ஒரே காலேஜ்ல ரெண்டு பேரும் வாத்தியார் வேலை பாத்து, அவன் ஹெச்.ஓ.டி. ஆகி, அவன் ரிட்டயர் ஆன பின்னாடி மிச்சமிருந்த ஆறு மாசம் நான் அந்த நாற்காலியில உக்காந்து எந்திரிச்சேன்.

உங்களுக்குக் கணக்கு வருமா? முகத்தைச் சுளிக்காதீங்க சார், பரீட்சை வெக்கப்போறதில்ல. ஆனா அது கொஞ்சம் புரிஞ்சாத்தான் எனக்கு நடந்த அநியாயம் உங்களுக்குப் புரியும். அநியாயம்தான் சார். வேற வார்த்தை இல்ல.

இப்ப நாம எண்றது பத்துல. ஒம்பது முடிஞ்சா பத்து. ஆனா பத்துலதான் எண்ணணும்னு சட்டமா இருக்கு? கம்ப்யூட்டர் ரெண்டுல எண்ணுது. முட்டைக்காரன், வாழைப்பழக்காரன் டஜன் கணக்குல எண்றான். வாரத்தை எடுத்துக்கோங்க. பத்து நாள்னா ஒரு வாரம், மூணு நாள். அதை ஒண்ணு மூணுன்னு எழுதினா அது ஏழு அடிமானம். நம்ம கண்ணுக்குப் பதிமூணு மாதிரி தெரியும், ஆனா பத்துதான். அவ்வளவுதான் விஷயம். இதுல ஒண்ணை மட்டும் மனசுல வாங்கிக்கோங்க. ஒரு வாரமும் ஏழு நாளும்னு யாராவது சொல்வாங்களா? ரெண்டு வாரம்னுதான் சொல்வாங்க. அதனால ஏழு அடிமானத்துல ஏழுங்கிற எண்ணே வராது. ஆறோட சரி. ஏழு வந்தா எழுதினவனுக்குக் கணக்குத் தெரியலைன்னு அர்த்தம்.

வட்டத்துக்கு 'பை'ன்னு ஒரு எண் படிச்சிருப்பீங்க, மூணு புள்ளி ஒண்ணு நாலு. அது பத்துல. அதையே ஏழுல எழுதினா மூணு புள்ளி பூஜ்யம் ஆறு ஆறு மூணு ஆறு அஞ்சு ஒண்ணுன்னு போகும், முடியவே முடியாது. மூணுல எழுதலாம், பன்னெண்டுல எழுதலாம். எதுக்குன்னு கேக்காதீங்க. என் சம்சாரம் கேட்டுக் கேட்டே போய்ச் சேந்தா. எதுக்கும் இல்ல, சும்மா, ஒரு சந்தோஷம். சிலபேர் சீட்டாடறாங்க, சிலபேர் கோயில் கோயிலா போறாங்க. நாங்க ரெண்டு பேரும் ஹாஸ்டல் காலத்துல இருந்து இதைத்தான் பண்ணிட்டிருந்தோம்.

எனக்கு இதுல பக்தி சார். தசமத்தை ஏழால பெருக்கு, முழு எண்ணை வெளிய எடு, மிச்சத்தை மறுபடி ஏழால பெருக்குன்னு, ஒரு இலக்கம் தப்பாம ஐம்பது இலக்கம் போவேன். 'ஈ'ன்னு இன்னொரு எண் இருக்கு, ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைச்சல். படிக்கற காலத்துல அதை ஒருதடவை எட்டு அடிமானத்துல அறுவது இலக்கம் போட்டு டிபார்ட்மெண்ட் போர்டுல ஒட்டினேன். ஒரு பய நின்னு பாக்கல. அதே வாரம் அருளானந்தம் என்ன பண்ணினான் தெரியுமா? காலேஜ் விழாவுல மேடையேறி, "நம்ம பாட்டன் பூட்டன் கணக்குல பை எவ்வளவு தெரியுமா? மூன்றே அரைக்கால், ஒரு காணி, ஒரு முந்திரி!"ன்னான். அரைக்கால்னா எட்டுல ஒண்ணு, காணி எண்பதுல ஒண்ணு, முந்திரி முந்நூத்து இருபதுல ஒண்ணு. கூட்டிப் பாத்தா பக்கத்துல வரும், ஆனா மூணாவது தசமத்துலயே புட்டுக்கும். பக்கத்துலதான் சார் வரும்! அதுக்குக் கூரை பிச்சுக்கற மாதிரி கைதட்டல். புரொஃபசர் கட்டிப் புடிச்சுக்கிட்டார். எங்களைப் பத்தி அவர் ஒண்ணு சொல்வார். அருளானந்தம் யோசிப்பான், நடேசன் சரிபாப்பான். இதைப் பாராட்டுன்னு நெனச்சுச் சொல்லியிருக்கார் மனுஷன்.

மணப்பாறை இன்னும் வரல சார், இது ஏதோ கிராமத்து ஸ்டாப்பு. முறுக்கு வேணும்னா அங்க வண்டியிலேயே ஏறுவாங்க.

ரெண்டு பேரும் ரொம்ப வருஷமா ஒரே காலனி. ரிட்டயர் ஆனப்புறம் காலையில பூங்காவுல வாக்கிங். பூங்கா வாசல்ல காலனி சங்கத்துக்காரங்க ஒரு கரும்பலகை வெச்சிருந்தாங்க. தண்ணி வராது, வரி கட்டுங்கன்னு எழுதற பலகை. அதுல பாதியை இவன் கேட்டு வாங்கிக்கிட்டான். தினம் காலையில ஒரு எண்ணை ஏதோ ஒரு அடிமானத்துல எழுதி வெப்பான். என்ன எண்ணு, எந்த அடிமானம்னு வாக்கிங் வர்றவங்க கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சா எதிர்க்கடையில இவன் செலவுல டீ. போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன பத்மாவதி அம்மா, சர்க்கரைக்காக நடக்கிற மளிகைக்கடைக்காரர்னு அத்தனை பேரும் அந்தப் பலகை முன்னாடி இடுப்புல கை வெச்சு நிப்பாங்க. பெரிய எண்ணு எதுன்னு பாருங்கம்மா, அதைவிட ஒண்ணு கூட வெச்சுப் பாருங்கன்னு இவன் க்ளூ குடுப்பான். நான் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிருவேன். ஆனா "நீ சொல்லக்கூடாது நடேசா, நீ ஜட்ஜு"ன்னுடுவான். ஜட்ஜாம்! என்னை ஆட்டத்தை விட்டு வெளிய நிக்க வெக்கறதுக்கு ஒரு பேரு.

ஒருநாள் காலையில நான் போறப்போ பலகை முன்னாடி கூட்டம். யாருக்கும் பிடிபடல. மளிகைக்காரர் எட்டுங்கறார், பத்மாவதி அம்மா ஒம்பதுங்கறாங்க. இவன் சிரிச்சுக்கிட்டே, "இல்லம்மா, ஏழு. பை, ஏழுல"ங்கறான். நான் பாத்தேன். மூணு புள்ளி பூஜ்யம் ஆறு ஏழு.

ஏழு சார்!

மிச்சம்னா அது ஒண்ணைவிடக் குறைச்சல், அதை ஏழால பெருக்கினா ஏழு எங்கிருந்து வரும்? முதல் வருஷத்துப் பையன் பண்ண மாட்டான் இந்தத் தப்பை. கோல்டு மெடல் பண்ணியிருக்கான். "அருள், ஏழு அடிமானத்துல ஏழு போட்டிருக்கியேடா!"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னேன். ஏன் மெதுவா சொல்லணும்? அவன் பலகையைப் பாத்தான். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான், யாரோ எழுதினதைப் பாக்கற மாதிரி. அப்புறம் உள்ளங்கையால அழிச்சுட்டு, "நடேசன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது"ன்னு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போய் ரெண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன். பொய் சொல்லுவானேன்.

மறுநாள்ல இருந்து பாக்கெட்ல ஒரு சிவப்பு சாக்பீஸ் கொண்டுபோக ஆரம்பிச்சேன். நீங்க என்ன நெனப்பீங்களோ, எனக்கு இதுல பொறாமையெல்லாம் இல்ல. பொது இடத்துல தப்பா ஒண்ணு எழுதியிருந்தா திருத்தணுமா இல்லையா? நாலு பேர் அதைச் சரின்னு நெனச்சிட்டுப் போகக்கூடாதில்லையா? தப்பு இருக்கற இடத்துல ஒரு வட்டம், மேல சரியான எண். முதல்ல வாரத்துக்கு ஒண்ணு வந்துச்சு. ஒரு வருஷத்துக்குள்ள தினம் வந்துச்சு. ஒரே வரியை ரெண்டு தரம் எழுதுவான். ரெண்டு அடிமானம்பான், அதுல ஒரு அஞ்சு உக்காந்திருக்கும். பலகை பாத்தா அம்மை போட்ட மாதிரி சிவப்பு சிவப்பா. பத்மாவதி அம்மா ஒருநாள் என்னைத் தனியா கூப்பிட்டு, "வேணாம் சார், பாவமா இருக்கு, அவர் முகம் சுருங்கிப் போகுது"ன்னாங்க. "கணக்குல பாவம் புண்ணியம் கிடையாதும்மா, சரி தப்புதான் உண்டு"ன்னேன். அந்தம்மாவுக்கு அவன்மேல எப்பவும் ஒரு இது.

அவனும் சும்மா இல்ல சார். தோக்கறோம்னு தெரிஞ்சதும் என்னென்னமோ பண்ண ஆரம்பிச்சான். ஒருநாள் ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஷூ. எல்லாரும் அதைப் பாத்துச் சிரிக்கறாங்க, பலகையில இருந்த மூணு தப்பை யாரும் கவனிக்கல. இன்னொரு நாள் பால் பூத்துகிட்ட நின்னுகிட்டு, "நடேசா, நம்ம வீடு இப்படியா அப்படியா?"ன்னு கேக்கறான். முப்பது வருஷமா குடியிருக்கற வீடு. நான் சொன்னேன், "அருள், இந்த நாடகமெல்லாம் என்கிட்ட வேணாம், நேத்து ரூட் ரெண்டு போட்டியே, அஞ்சு அடிமானத்துல, நாலாவது இலக்கம் என்ன?" அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தெரியலடான்னான். தெரியலன்னு ஒத்துக்கிட்டான் பாருங்க! ஆனா அது ரோட்ல, யாரும் பக்கத்துல இல்ல. நாலு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டாத்தானே கணக்கு?

வீடா? வீடு எதுத்தாப்லதான் இருந்துச்சு. பால் பூத்துக்காரப் பையன் கொண்டுபோய் விட்டான்.

இந்தாங்க, மணப்பாறை வந்துடுச்சு. முறுக்கு வாங்கிக்கறீங்களா? எனக்கு வேணாம், பல்லு கிடையாது. நீங்க சாப்பிடுங்க, நான் சொல்றேன்.

அவனுக்கு ஒரே பொண்ணு. பெனிட்டா. சம்சாரம் போய்ச் சேந்து வருஷக்கணக்காச்சு. பொண்ணு திண்டுக்கல்ல ஸ்கூல் டீச்சர், மாப்பிள்ளை வெளிநாட்டுல. அது கிறிஸ்துமஸுக்கு வந்துச்சு. ஒருநாள் நேரா என் வீட்டுக்கு வந்து உக்காந்துடுச்சு. நான் தூக்கி வளத்த பொண்ணு சார், பல்லு முளைக்கறப்போ என் விரலைத்தான் கடிக்கும். "அங்கிள், அப்பா ஃபோன்ல கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. நேத்து அம்மா எங்கேன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் ரெண்டு நாள் வந்துட்டுப் போறவ, என் முன்னாடி சமாளிச்சுக்கறாங்க. நீங்க தினம் பாக்கறீங்க. உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா? இருந்தா மறைக்காம சொல்லுங்க அங்கிள், கையோட கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிடறேன், என்கூடவே வெச்சுக்கறேன்"னு சொல்லுச்சு.

நான் என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. ஆமாம்மா, உங்கப்பா கணக்குல கோட்டை விடறான்னு சொன்னா அன்னைக்கே மூட்டை கட்டித் திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போயிடும். நாப்பது அம்பது வருஷத்துல இப்பத்தான் சார் என் பக்கம் காத்து அடிக்குது. இப்பப் போயி ஆட்டத்தைக் கலைச்சா எப்படி? அதோட வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். "ஒண்ணுமில்லம்மா, உங்கப்பனுக்கு முன்னைவிட இப்ப மூளை தீட்டின மாதிரி இருக்கு, போன வாரம்கூட ஈ-யை எட்டுல எழுதினான், ஒரு இலக்கம் தப்பல"ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்குச்சு. நீங்க சொன்னா சரியாத்தான் அங்கிள் இருக்கும்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிடுச்சு. அப்ப என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

குடியரசு தினம் வந்துச்சு. பூங்காவுல கொடியேத்தி மிட்டாய் குடுக்கறது வழக்கம். சங்கத் தலைவர்கிட்ட நான்தான் யோசனை சொன்னேன். வருஷா வருஷம் மியூசிக்கல் சேர்தானே வெக்கறீங்க, இந்தத் தடவை அறிவுப்பூர்வமா ஒண்ணு வெப்போம், ரெண்டு கணக்கு வாத்தியாருக்கும் ரெண்டு பலகை, ஆளுக்கொரு சாக்பீஸ், பை-யை ஏழு அடிமானத்துல யாரு அதிகம் எழுதறாங்கன்னு ஜனங்க பாக்கட்டும். அவர் உடனே சரின்னுட்டார். அருள்கிட்ட சொன்னேன். "வேணாம்டா நடேசா, இப்ப எனக்கு எண்ணெல்லாம் கைக்குள்ள நிக்க மாட்டேங்குது"ன்னான். "பயமா?"ன்னு கேட்டேன். சின்ன வயசுல இருந்து அப்படிக் கேட்டா அவன் வந்துடுவான். வந்தான்.

அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை, வேட்டி. பட்டன் மட்டும் ஒண்ணு மாத்திப் போட்டிருந்தான். பூங்கா சுவத்தை ஒட்டி மேடை, மைக், நாற்காலி, காலனியே உக்காந்திருக்கு. விசில் ஊதினாங்க. நான் சரசரன்னு எழுத ஆரம்பிச்சேன். மூணு புள்ளி பூஜ்யம் ஆறு ஆறு மூணு ஆறு அஞ்சு ஒண்ணு நாலு மூணு ரெண்டு. கை தானா ஓடுது சார், முத்து முத்தா எழுத்து. ஓரக்கண்ணால பாத்தேன். அவன் மூணு போட்டான். புள்ளி வெச்சான். அப்படியே நின்னான். சாக்பீஸைத் திருப்பித் திருப்பிப் பாக்கறான், இது எதுக்குன்னு யோசிக்கற மாதிரி. யாரோ பின்னாடி இருந்து, "போடுங்க சார், போடுங்க சார்"னு உற்சாகப்படுத்தினாங்க. உடனே அவன் வேகவேகமா எழுத ஆரம்பிச்சான். ஏழு. ஏழு. ஏழு. ஏழு. பலகை ஓரம் வரைக்கும் ஏழு, பலகை முடிஞ்சு சுவத்துலயும் ஏழு.

நான் மைக்கை வாங்கினேன். போட்டி விதின்னு ஒண்ணு இருக்கில்ல, முடிவை அறிவிக்கணுமில்ல? "அருளானந்தம் சார் எழுதினதுல புள்ளிக்கு அப்புறம் முதல் இலக்கம் தப்பு, ரெண்டாவது தப்பு, மூணாவது தப்பு"ன்னு ஒவ்வொண்ணா வாசிச்சேன். முறைப்படி பண்ணணுமே. எட்டோ ஒம்பதோ வந்திருப்பேன், முன்வரிசையில பத்மாவதி அம்மா எந்திரிச்சு, "நிறுத்துங்கய்யா!"ன்னு கத்தினாங்க. திரும்பிப் பாத்தா அவன் வேட்டி நனைஞ்சிருக்கு. கால் வழியா ஒழுகி, மேடையில தேங்கி நிக்குது. அவன் அதைக் குனிஞ்சு பாத்துட்டு, என்னைப் பாத்துச் சிரிக்கறான், ஏதோ தப்புப் பண்ணின புள்ளை மாதிரி. "நடேசா, நான் சரியா எழுதிட்டேனாடா?"ங்கறான்.

ஓடினாங்க சார் எல்லாரும். ஒருத்தர் துண்டைச் சுத்தறார், ஒருத்தர் தண்ணி குடுக்கறார், மளிகைக்காரர் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறார். நான் மைக்கைப் புடிச்சுட்டு நிக்கறேன். என் பலகையில முப்பத்தாறு இலக்கம் இருக்கு. ஒண்ணுகூடத் தப்பில்ல. அதுவும் எழுவது வயசுல, மனப்பாடமா! ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சார், திரும்பிப் பாக்கல. மறுநாள் போறேன், சங்கத்துப் பையன் பலகையைத் துடைச்சு, 'நாளை குடிநீர் வராது'ன்னு எழுதி வெச்சிருக்கான்.

இதைத்தான் சார் அநியாயம்ங்கறேன். ஜெயிச்சது நான். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ஊரறிய, சுத்தமா ஜெயிச்சேன். அன்னைக்கும் எல்லாரும் அவனைத்தான் பாக்கறாங்க.

பெனிட்டா வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிடுச்சு. வீட்டைப் பூட்டி சாவியை பத்மாவதி அம்மாகிட்ட குடுத்துச்சு, என்கிட்ட குடுக்கல. டாக்டர் ஏதோ சொன்னாராம், மறதி வியாதியாம், ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா மாத்திரையில கொஞ்சம் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமாம், இப்ப ரொம்பத் தூரம் போயிடுச்சாம். டாக்டருங்க எப்பவும் அப்படித்தானே சொல்வாங்க. நேரத்துக்கு வரலைன்னு பழியை நம்ம மேல போட்டுட்டு ஃபீஸை வாங்கிப்பாங்க.

எனக்கு மனசு கேக்கல. போன மாசம் அவனைப் பாக்கத் திண்டுக்கல் போனேன். இதே பஸ்ஸுதான். வீடு நல்ல வீடு, வாசல்ல முருங்கை மரம். அவன் ஹால்ல உக்காந்திருந்தான், குளிச்சு, தலை வாரி, பவுடர் போட்டு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுக் கும்பிட்டான். "வாங்க ஐயா, உக்காருங்க. பெனி, ஐயாவுக்குக் காப்பி கொண்டா"ன்னான். ஐயாவாம் நான். "டேய், நடேசன்டா"ன்னேன். அவன் என் முதுகுக்குப் பின்னாடி வாசலை எட்டிப் பாக்கறான். "நடேசனும் வந்திருக்கானா? எங்க?"

பொண்ணு காப்பி போட உள்ள போச்சு. நான் பேப்பரும் பேனாவும் எடுத்து அவன் முன்னாடி வெச்சேன். ஆமா, கொண்டுதான் போயிருந்தேன். "பை எழுது பாப்போம், ஏழுல." ரொம்ப சந்தோஷமா வாங்கிக்கிட்டான். மறுபடியும் ஏழு, ஏழு, ஏழு. தாள் ரொம்பற வரைக்கும் எழுதிட்டு என்கிட்ட நீட்டறான். "எல்லாம் தப்பு"ன்னேன். அவனுக்குக் கோபமே வரல சார். தலையை ஆட்டிக்கிட்டு சொல்றான், "இருக்கும் ஐயா, தப்பாத்தான் இருக்கும். நீங்க ஒண்ணு பண்ணுங்க, இதை நடேசன்கிட்ட காட்டுங்க. அவன் பாத்து சரின்னா சரி, தப்புன்னா தப்பு. எனக்குக் கணக்கு வந்ததே அவனாலதான். நான் பாட்டுக்கு எதையாவது சொல்லிட்டுப் போயிடுவேன், அவன்தான் உக்காந்து போட்டுச் சரிபாப்பான். அந்த மெடல்கூட நியாயமா அவனுக்கு வரவேண்டியது. புரொஃபசர்கிட்ட போய்ச் சொன்னேன், அவர் கேக்கல. நடேசன்கிட்ட இதைச் சொல்லாதீங்க, வருத்தப்படுவான். என்னைவிட அவன்தான் ஐயா பெரியவன்."

கேட்டீங்களா? என்னைவிட அவன்தான் பெரியவன். இந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் காத்திருக்கேன்! அதை யாருகிட்ட சொல்றான்? எவனோ ஒரு ஐயாகிட்ட சொல்றான்! எனக்கு எங்கிருந்து வந்துச்சோ ஆத்திரம், அவன் தோளைப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினேன். "என் முகத்தைப் பாத்துச் சொல்லுடா, நான்தான்டா நடேசன், என்னைப் பாத்துச் சொல்லு"ன்னேன். அவன் பயந்து போயி ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டான். அழறான். "நடேசனைக் கூப்பிடுங்க, நடேசனைக் கூப்பிடுங்க"ன்னு அழறான் சார், என்னைப் புடிச்சுத் தள்ளிக்கிட்டே!

பொண்ணு ஓடியாந்துச்சு. காப்பி டம்ளர் கீழ விழுந்துச்சு. அப்பனை நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை. "பத்மா ஆன்ட்டி எல்லாம் சொன்னாங்க. நான் வந்து கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என் அப்பாவை தினம் நடுரோட்ல நிக்க வெச்சு வட்டம் போட்டிருக்கீங்க. வெளிய போங்க. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க." அங்கிள்னுகூடச் சொல்லல. அவ்வளவு செஞ்ச எனக்கு ஒரு காப்பி இல்லாம அனுப்பிச்சுது. நான் பண்ணின தப்பு என்ன சார்? தப்பைத் தப்புன்னு சொன்னேன். அது ஒரு தப்பா?

என்ன சார், முறுக்கை அப்படியே வெச்சிருக்கீங்க? சாப்பிடுங்க, நமுத்துடும்.

வடமதுரை தாண்டிட்டோம், இன்னும் கொஞ்ச நேரந்தான். இன்னைக்கு வேலை நாள். பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கும், மத்தியானம் வரைக்கும் வீட்டுல சமையல்காரம்மா மட்டும்தான். அந்தம்மாவுக்கு என்னைத் தெரியாது. டாக்டர் அனுப்பிச்சார்னு சொன்னா கதவைத் திறந்துடும். அதெல்லாம் யோசிச்சு வெச்சுட்டேன். சும்மா வாயால நடேசன்னு சொன்னா அவன் நம்ப மாட்டான், அதனால ஆதார் கார்டு கொண்டு வந்திருக்கேன். இதோ பாருங்க, போட்டோ கொஞ்சம் சுமாராத்தான் இருக்கு, ஆனா பேரு தெளிவா இருக்கு. இதை முதல்ல காட்டி, படிக்க வெச்சு, நான்தான் நடேசன்னு ஊர்ஜிதம் பண்ணிக்கணும். அப்புறம் சிலேட்டைக் குடுத்து எழுத வெக்கணும், தப்பைக் காட்டணும், அப்புறம் அன்னைக்குச் சொன்னானே, அதைத் திரும்பச் சொல்ல வெக்கணும். அழுதா அழட்டும், கொஞ்ச நேரத்துல மறந்துடுவான். எத்தனை தரம் ஆனாலும் எனக்குப் பொறுமை இருக்கு.

என்னைப் பாத்து, என் பேரைச் சொல்லி, ஒரே ஒரு தடவை சொல்லணும் சார். அதுக்கப்புறம் அவன் எல்லாத்தையும் மறந்துக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல.